மார்ச் 31 அன்று கையில் இருப்பது யாருடைய காசு

மார்ச் 31 என்பது காவிரி டெல்டாக்காரர்களின் தொழிலுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத தேதி. சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி, முறை வந்து, எடை போட்டு, விவசாயியின் வங்கிக் கணக்கில் பணம் ஏறி, அதிலிருந்து அறுவடை மெஷின்காரருக்கும் டிராக்டர்காரருக்கும் பாக்கி போய்ச் சேர்கிற நேரம் அது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்குச் சமையல்காரரும் பந்தல்காரரும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டிருக்கிற நேரமும் அதுதான். ஒருத்தர் வேலையை முடித்துவிட்டுக் காசுக்குக் காத்திருக்கிறார், இன்னொருத்தர் காசை வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறார். அந்த ராத்திரியோடு நிதியாண்டு முடிகிறது, கணக்கைக் கொண்டா என்கிறார் ஆடிட்டர்.

நான் கும்பகோணத்தில் இந்த மாதிரி சின்னச் சின்ன சேவைத் தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். கல்யாண சமையல் காண்ட்ராக்ட், பந்தல், மோட்டார் காயில் கட்டுகிறவர்கள், நவக்கிரகக் கோயில்களுக்கு வண்டி ஓட்டுகிறவர்கள், மன்னார்குடி நீடாமங்கலம் பக்கத்து மெஷின்காரர்கள், இவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். மளிகைக் கடைக்காரருக்குக் கணக்கு கொஞ்சம் தப்பினாலும் மூட்டையை எண்ணிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். சேவைத் தொழிலில் எண்ணிப் பார்க்க எதுவும் மிஞ்சாது. விற்பது உழைப்பும் நேரமும். நேற்று ஓடாமல் நின்ற மெஷினின் எட்டு மணி நேரத்தை இன்றைக்கு எடுத்து விற்க முடியாது. எழுதி வைத்ததுதான் சாட்சி, எழுதாதது நடக்காததற்குச் சமம்.

எழுதுவது என்றால் எதை எழுதுவது? பெரும்பாலானவர்கள் காசு வந்ததை எழுதுகிறார்கள், காசு போனதை எழுதுகிறார்கள். அது தேவைதான், அதற்குப் பெயர் ரொக்கக் கணக்கு. ஆனால் அது மட்டும் இருந்தால் நம் ஊர்த் தொழிலில் ஏமாந்துபோவோம். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று தேதி இருக்கிறது: பேசி முடித்த தேதி, வேலை நடந்த தேதி, காசு வந்த தேதி. வருமானம் பிறக்கிற தேதி நடுவில் இருப்பது. முகூர்த்தப் பந்தி முடிந்து இலை எடுத்த அன்றுதான் சமையல்காரருக்கு வருமானம், கடைசிக் கதிரை அறுத்து மெஷின் வரப்பேறிய அன்றுதான் மெஷின்காரருக்கு வருமானம். அதற்கு முன்னால் வந்த காசு கடன், வேலை முடிந்தும் வராத காசு சொத்து. இதைப் பிடித்துக்கொண்டால் பேலன்ஸ் ஷீட் என்கிற சொத்து, கடன் பட்டியலில் பாதி புரிந்துவிடும்.

ஒரு சமையல் காண்ட்ராக்டரின் கணக்கைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதிருக்க எண்களை மாற்றியிருக்கிறேன், விகிதம் அதேதான். மார்ச் கடைசி வாரம் வந்தார். "தம்பி, பேங்க்ல மூணு நாப்பது இருக்கு, கையில ஒரு எம்பது இருக்கு. நாலு லட்சத்துக்குப் பழைய லோடு வண்டி ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், எடுத்துடலாமா?" என்றார். மொத்தம் 4,20,000. நோட்டைக் கொடுங்கண்ணே என்று வாங்கிப் பார்த்தேன். நீளவாக்கு நோட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் மேலே மண்டபம் பெயர், முகூர்த்த நாள், இலை எண்ணிக்கை, அதற்குக் கீழே கோணலாக "அட். 50" என்று ஒரு குறிப்பு, அதாவது அட்வான்ஸ் ஐம்பதாயிரம். அப்படி ஆறு பக்கம் இருந்தது, ஆறும் சித்திரை வைகாசிக் கல்யாணங்கள். ஆக 3,00,000 ரூபாய் இன்னும் ஒரு சோற்றுப் பருக்கைகூட வேகாத காசு. மளிகைக் கடைக்கு 70,000, காய்கறி மண்டிக்கு 25,000 தர வேண்டும். இதையெல்லாம் கழித்தால் 4,20,000-இல் மிச்சம் 25,000.

முழுப் படமும் பார்க்கலாம் என்று உட்கார்ந்து எழுதினோம். சொத்துப் பக்கம் ரொக்கமும் வங்கியுமாக 4,20,000, மாசிக் கல்யாணம் ஒன்றில் வர வேண்டிய பாக்கி 60,000, அண்டா குண்டா அடுப்பு எல்லாம் தேய்மானம் போக 2,00,000, மொத்தம் 6,80,000. கடன் பக்கம் அட்வான்ஸ் 3,00,000, மளிகையும் மண்டியும் 95,000, பாத்திரம் வாங்குவதற்காக வீட்டு நகையை வைத்து வாங்கிய கடன் 1,50,000, மொத்தம் 5,45,000. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1,35,000. அதுதான் அந்தத் தொழிலில் அவருடைய சொந்தக் காசு, முதல் என்று நாம் சொல்வது. பாத்திரம் மட்டுமே 2,00,000 ஆகும்போது முதல் 1,35,000 என்றால், அவருடைய காசு முழுக்க அண்டாவிலேயே அடங்கிவிட்டது, அந்த அண்டாவிலும் ஒரு பங்கு அடுத்தவர் காசு. கையிலிருக்கும் ரொக்கம் ஏறக்குறைய முழுவதும் மண்டபம் பிடித்துக் காத்திருக்கும் ஆறு பெண் வீட்டாருடையதும் மளிகைக்காரர், மண்டிக்காரருடையதும். வண்டி வாங்கியிருந்தால் முதல் முகூர்த்தத்துக்கே அரிசி பருப்பைக் கடனில்தான் எடுத்திருக்க வேண்டும், கடனில் எடுத்தால் கடைக்காரர் சொன்னதுதான் விலை.

இது கெட்டிக்காரத்தனம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. ஐநூறு இலைக்கு எத்தனை படி அரிசி, எத்தனை தேங்காய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர் அவர். அட்வான்ஸை ஒரு தனிப் பக்கத்தில் போடு, வேலை முடிந்ததும் அங்கிருந்து வருமானப் பக்கத்துக்கு மாற்று என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். முடிந்தால் அட்வான்ஸுக்கென்று இன்னொரு சேமிப்புக் கணக்கே வைத்துக்கொள்ளலாம். எழுதச் சோம்பல்படுகிறவர்களுக்கும் அது நடக்கும்.

எந்தக் காசு எதற்கு என்று பிரித்து எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் இது வரிவரியாக இருக்கிறது: கோயிலுக்கு வந்த காசை ஊர்ச் சபைகளிடம் கொடுத்து வைத்தார்கள், ஆண்டுக்குக் காசுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது 12.5 சதவீத வட்டி. அந்த வட்டியிலிருந்து திருமஞ்சன நீரில் இட ஏலரிசிக்கு, அதாவது ஏலக்காய் விதைக்கு, இவ்வளவு, செண்பக மொட்டுக்கு இவ்வளவு என்று தனித்தனியாக வெட்டி வைத்தார்கள். முதல் அப்படியே நிற்க, வட்டி மட்டும் சொன்ன செலவுக்குப் போனது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லில் வெட்டியதை நாம் நோட்டில் எழுதினால் போதும்.

அட்வான்ஸ் பற்றிப் பேசும்போது ஜிஎஸ்டியையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது வேறு மாதிரிப் பார்க்கிறது. சேவைத் தொழிலில் ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும். சரக்கு விற்கிறவர்களுக்கு உள்ள 40 லட்சத்தைக் கேட்டுவிட்டு நமக்கும் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் நிறையப் பேர். மளிகையோடு சேர்த்து காண்ட்ராக்ட் எடுக்கிற சமையல்காரருக்கு, ஒரு கல்யாணம் ஒரு லட்சம் என்றால்கூட இருபத்தோராவது கல்யாணத்தில் எல்லை தாண்டிவிடும். லாபம் எவ்வளவு என்பது அங்கே பேச்சே இல்லை, மொத்த வரவுதான் அளவு. பதிவு செய்த பிறகு, சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு, வாங்கிய மாதத்துக் கணக்கிலேயே காட்டி வரி கட்ட வேண்டும். சரக்குக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு 2017 நவம்பரிலிருந்து இந்தத் தொல்லை இல்லை, சேவைக்கு இன்றும் உண்டு. ஆக பங்குனியில் வாங்கிய 50,000 உங்கள் லாப நட்டக் கணக்கில் வருமானம் ஆகாது, ஆனால் ஜிஎஸ்டி கணக்கில் அந்த மாதமே ஏறும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லையே என்று பதற வேண்டாம். அட்வான்ஸ் பக்கம் தனியாக இருந்தால் அந்த வித்தியாசத்துக்கு அதுவே பதில் சொல்லிவிடும்.

இன்னொன்று, கல்யாணத் தொழிலில் இருக்கிற எல்லோரும் சுவரில் எழுதி ஒட்ட வேண்டியது. வருமான வரிச் சட்டப்படி, ஒரே நிகழ்ச்சிக்காக ஒரே ஆளிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. அட்வான்ஸ் ஒரு லட்சம் தை மாதம், மீதி ஒன்றரை லட்சம் வைகாசியில் என்று பிரித்து வாங்கினாலும் நிகழ்ச்சி ஒன்றுதானே, சேர்த்துத்தான் பார்ப்பார்கள். மீறினால் வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதம், அதுவும் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கினவருக்கு. ஒரு பகுதியை வங்கி வழியாகக் கேட்டு வாங்குங்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

சரி, மெஷின்காரருக்கு வருவோம். இங்கே எல்லாம் தலைகீழ்.

டெல்டாவின் ஈர வயலுக்கு, டயருக்குப் பதில் பெல்ட்டில் ஊர்கிற அறுவடை மெஷின்தான் சரிப்படும். 28 லட்சத்துக்கு ஒன்று வாங்கியிருக்கிறார், அதில் 20 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். சம்பாவில் 350 மணி நேரம் ஓடியது, மணிக்கு 2,500 வீதம் 8,75,000. மார்ச் 31 வரை கைக்கு வந்தது 5,60,000, வெளியே நிற்பது 3,15,000. செலவைப் பார்த்தால் டீசல் 3,15,000, டிரைவர் ஹெல்பர் சம்பளமும் பேட்டாவும் 1,00,000, வயல் பிடித்துக் கொடுத்த புரோக்கருக்கு மணிக்கு நூறு வீதம் 35,000, பெல்ட் பிளேடு பேரிங் ரிப்பேர் 80,000, ஆக 5,30,000. காசு வந்ததையும் போனதையும் மட்டும் பார்த்தால் மிச்சம் 30,000. ஒரு சீசன் முழுக்கத் தூக்கமில்லாமல் ஓடி முப்பதாயிரமா என்று ஆள் சோர்ந்துபோவார். வேலை நடந்த தேதியை வைத்துப் பார்த்தால் 8,75,000-இல் 5,30,000 போக 3,45,000. பரவாயில்லையே என்று நிமிர்ந்து உட்காருவார்.

இரண்டும் முழு உண்மை இல்லை. மெஷின் தேய்கிறது. வருமான வரிக் கணக்கில் இயந்திரங்களுக்குப் பொதுவான தேய்மானம் 15 சதவீதம், 28 லட்சத்துக்கு அது 4,20,000. கடனுக்கு வட்டி வருஷத்துக்கு 2,00,000 என்று வைப்போம். குறுவையிலும், மெஷினை லாரியில் ஏற்றி வெளி மாவட்டங்களுக்குக் கொண்டுபோய் ஓட்டியதிலும் செலவு போக இன்னொரு 4,45,000 கிடைத்தது என்றால், இரண்டும் சேர்ந்து 7,90,000. தேய்மானமும் வட்டியும் கழிய 1,70,000. மாதத்துக்கு 14,000 சொச்சம். முதலாளி தானே மெஷினில் ஏறி ஓட்டினாலும், ஓட்டாமல் புரோக்கரோடு போனில் பேசிக்கொண்டே வயல் வயலாக அலைந்தாலும், அவருடைய உழைப்புக்கும் போட்ட 8 லட்சத்துக்கும் சேர்த்து மிஞ்சுவது இவ்வளவுதான். அடுத்த வருஷம் இரண்டாவது மெஷின் எடுக்கலாமா என்ற கேள்விக்கு இந்த எண்ணைப் பார்த்துத்தான் பதில் தேட வேண்டும். இந்த இடத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும்: மாதத் தவணை முழுவதையும் செலவில் எழுதிவிடுவார்கள். தவணையில் வட்டிப் பங்கு மட்டும்தான் செலவு, அசல் பங்கு கடனைக் குறைக்கிறது. அசலையும் செலவில் போட்டுத் தேய்மானத்தையும் போட்டால் ஒரே மெஷினை இரண்டு தடவை கழித்த மாதிரி ஆகிவிடும்.

வெளியே நிற்கும் 3,15,000-ஐ ஒரே எண்ணாக விட்டுவைக்கக் கூடாது. டிரைவர் சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு இருக்கும், ஓரமெல்லாம் கிரீஸ் கை பட்டுக் கருத்திருக்கும், அதில்தான் எல்லாம் இருக்கிறது: ஊர், பெயர், எத்தனை மா நிலம், எத்தனை மணி, கொடுத்தது, பாக்கி. ராத்திரி மெஷின் நின்றதும் அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நோட்டு சேற்றில் விழுந்தால் அந்த சீசனின் வருமானமே சேற்றில் விழுந்ததற்குச் சமம். மாதம் ஒருமுறை அதிலிருந்து பாக்கிப் பட்டியல் எடுத்து, ஒரு மாதத்துக்கு உட்பட்டது, மூன்று மாதமானது, போன சம்பாவிலிருந்தே நிற்பது என்று வயது பிரிக்க வேண்டும். கொள்முதல் பணம் வந்ததும் தந்துவிடுகிறேன் என்பவர் தந்துவிடுவார். தை மாத மழையில் கதிர் சாய்ந்து முளைத்துப்போன வயல்காரரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை, கேட்கவும் மனசு வராது. விட்டுவிடுவது என்று முடிவு செய்தால் வராக்கடன் என்று எழுதி முடித்துவிடுங்கள். மனசு விட்டதைக் கணக்கும் விட வேண்டும், இல்லாவிட்டால் வருஷா வருஷம் பாக்கிப் பட்டியலில் வராத காசு சொத்தாக நின்றுகொண்டிருக்கும்.

வரி விஷயத்தில் மெஷின்காரர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது, விவசாயம் சம்பந்தப்பட்டது, அதனால் வரியே இல்லை என்று. பாதிதான் சரி. விவசாய இயந்திர வாடகைக்கும் அறுவடை வேலைக்கும் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆனால் வருமான வரியில் அது விவசாய வருமானம் இல்லை, தொழில் வருமானம். அடுத்தவர் வயலில் மெஷின் ஓட்டிக் கூலி வாங்குவதும் சொந்த வயலில் நெல் விளைத்து விற்பதும் வேறு வேறு. சொந்த நிலமும் வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கலக்காமல் இருப்பது முக்கியம்.

1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்ணால் 44ஏடி என்று எல்லோருக்கும் பழகிப்போன வழி ஒன்று இருக்கிறது. சின்னத் தொழில்கள் மொத்த வரவில் 8 சதவீதத்தை, வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதத்தை லாபமாகக் காட்டிவிட்டுப் போகலாம், விரிவான கணக்குப் புத்தகம் கேட்கமாட்டார்கள். 2 கோடி வரை இது பொருந்தும், ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை. டாக்டர், வக்கீல், இன்ஜினியர் போன்ற தொழில்முறைக்காரர்களுக்கு வேறு பிரிவு, அங்கே வரவில் பாதி லாபம். நல்ல வசதிதான், நானே பலருக்கு அதில்தான் தாக்கல் செய்கிறேன். ஆனால் எனக்கு வருத்தம் தருவது, அதைக் காரணம் காட்டி நோட்டையே மூடி வைத்துவிடுவது. அரசாங்கத்துக்கு 8 சதவீதம் என்று சொல்லலாம். உங்களுக்கு நீங்களே அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. மேலே சொன்ன சமையல்காரரும் மெஷின்காரரும் 44ஏடி-யில் போனால் இருவர் கணக்கும் ஒரே மாதிரிதான் தெரியும், ஒருவர் கையில் அடுத்தவர் காசு, இன்னொருவர் காசு அடுத்தவர் கையில் என்ற விஷயமே வெளியே வராது. கல்லூரிக்கோ கம்பெனிக்கோ வேலை செய்கிறவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள்: அவர்கள் டிடிஎஸ் என்று ஒரு பங்கு வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். பில் 50,000, வந்தது 49,500 என்றால் வருமானம் 50,000தான், அந்த ஐநூறு நீங்கள் முன்கூட்டியே கட்டிய வரி. உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வரித்துறை அறிக்கையில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஏறாவிட்டால் உடனே கேளுங்கள்.

வீட்டுச் செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பையனின் ஸ்கூல் பீஸும் கேஸ் சிலிண்டரும் தொழில் செலவு இல்லை, எடுப்பு, அதாவது முதலாளி தனக்கென்று எடுத்துக்கொள்வது. ஒரே ஜிபே நம்பரில் மண்டிக்கும் போடுகிறோம், மாப்பிள்ளை வீட்டு மொய்யும் போடுகிறோம், மார்ச்சில் உட்கார்ந்து எது எது என்று யோசித்தால் மூளை குழம்பும். தொழிலுக்கு ஒரு வங்கிக் கணக்கு, ஒரு ஜிபே. மாதம் ஒரு தொகை உங்களுக்குச் சம்பளம் என்று வைத்து அதை மட்டும் வீட்டுக்கு மாற்றுங்கள். சட்டப்படி தனி ஆள் தொழிலில் முதலாளி சம்பளம் செலவு ஆகாது, ஆனால் ரேட் போடும்போது அதைச் சேர்க்காமல் போட்டால் நீங்கள் ஓசிக்கு உழைப்பதாக அர்த்தம்.

ரேட் போடுவதில்தான் இந்தக் கணக்கெல்லாம் காசாக மாறுகிறது. அந்தச் சமையல்காரருக்கு ஆடி மாதத்தில், முகூர்த்தம் இல்லாமல் ஓய்வாக இருந்தபோது, ஒரு மத்தியானம் உட்கார்ந்து போட்டோம். கல்யாணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆகிற செலவு எவ்வளவு? பாத்திர குடோன் வாடகை வருஷத்துக்கு 60,000, நகைக் கடன் வட்டி 15,000, பாத்திரத் தேய்மானம் 30,000, வண்டி போன் வகையறா 35,000, அவருடைய சம்பளம் மாதம் 25,000 வீதம் 3,00,000. மொத்தம் 4,40,000. வருஷத்துக்குச் சராசரியாக நாற்பது விசேஷம் பிடிக்கிறார். அப்படியானால் ஒவ்வொரு விசேஷமும், மளிகை காய்கறி ஆள் கூலி எல்லாம் போக 11,000 கொடுத்தால்தான் அவர் வருஷத்தை ஓட்ட முடியும். வைகாசியில் நாலு பேர் ஒரே தேதிக்குக் கேட்டு வரும்போது 8,000 மிஞ்சுகிற காண்ட்ராக்டை தெரிந்தவர் என்பதற்காக எடுத்தால், 15,000 மிஞ்சுகிறதை விட்டுவிட்டு எடுக்கிறார் என்று அர்த்தம்.

ஆனால் அதே ஆடியில் திருக்கடையூரிலிருந்து ஒரு அறுபதாம் கல்யாணத்துக்குக் கேட்டார்கள். அங்கே நாள் பார்ப்பது பிறந்த மாதத்தையும் நட்சத்திரத்தையும் வைத்துத்தான், ஆடி மார்கழி என்றெல்லாம் நிற்பதில்லை. சின்ன விசேஷம், எல்லாம் போக 6,000தான் மிஞ்சும். "பதினோராயிரம்னு சொன்னியே தம்பி, வேண்டாம்னுடவா?" என்றார். வேண்டாம் என்று சொல்லாதீர்கள் என்றேன். குடோன் வாடகையும் வட்டியும் அந்த வாரம் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் ஓடத்தான் போகிறது, அந்தத் தேதிக்கு வேறு யாரும் கேட்கவும் இல்லை, வருகிற 6,000 முழுவதும் அந்த 4,40,000-ஐக் குறைக்கத்தான் போகிறது. அவர் போனை எடுத்து, எத்தனை இலை என்று கேட்டார்.